எந்த ஈயம், எந்த வேலைக்கு?



நம் அறக்கட்டளையின் தொழிற்பயிற்சி வகுப்பில் சேர்ந்துள்ள பிள்ளைகளுக்கும், ஒப்பந்தக்காரரிடமிருந்து எல்இடி பல்பு போர்டுகளை வாங்கி வீட்டிலேயே சால்டரிங் செய்து கொடுக்கும் சகோதரிகளுக்கும் இம்மாதப் பாடம் இது. 1964ல் அம்பத்தூர் தொழிற்பேட்டை வந்த நாளிலிருந்து நம் பகுதிக் குடும்பங்களுக்குப் பட்டறை வேலை புதிதல்ல. ஆனால் அதே வேலை வீட்டுக் கூடத்துக்குள் வரும்போது சிலவற்றைத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

சென்ற மாதம் ஒரு வீட்டுக்குப் போயிருந்தோம். அந்தச் சகோதரி தரையில் அமர்ந்து சால்டரிங் செய்துகொண்டிருந்தார். தவழும் குழந்தை கம்பிச் சுருளை வாயில் வைத்திருந்தது. பதறி எடுத்தோம். "வெறும் ஈயம்தானே பாய், தேக்சாவுக்குப் பூசுறதுதானே" என்றார் அவர்.

குழப்பமே அந்தச் சொல்லில்தான் இருக்கிறது. ஈயம் என்று நாம் சொல்வது இரண்டு உலோகங்களை. பிரியாணி தேக்சாவுக்கு நவச்சாரம் தூவிக் கலாய் பூசுவது வெள்ளீயம். கடையில் 60/40 என்று கேட்டு வாங்கும் சால்டர் கம்பியில் வெள்ளீயம் 60 பங்கு, மீதி 40 பங்கு காரீயம். காரீயம் நஞ்சு. சிறு குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். கர்ப்பிணியின் இரத்தத்திலிருந்து சிசுவுக்கும் போகும். இவ்வளவு வரை பரவாயில்லை என்று சொல்லக்கூடிய அளவே இதற்குக் கிடையாது.

அப்படியிருந்தும் ஏன் கலக்கிறார்கள்? சீக்கிரம் உருகும் என்பதால்தான். 63/37 கம்பி 183 டிகிரியில் ஒரேயடியாக உருகி, ஒரேயடியாக உறையும். 60/40 கம்பி முழுதாக உருக 190 டிகிரி வரை போகும். இடையில் கூழ் போல நிற்கும். அந்த நேரத்தில் கை அசைந்தால் இணைப்பு உள்ளே விரிசல் விடும், பல்பு ஒரு நாள் எரியும், மறுநாள் எரியாது. எனவே வகுப்பில் பழகும் பெரிய பிள்ளைகள் ரிச்சி தெருவில் வாங்கும்போது 63/37, 0.8 மி.மீ. என்று கேட்டு வாங்கட்டும். 25 வாட் அயர்ன் போதும். போர்டையும் உதிரிப் பாகத்தின் காலையும் சேர்த்துச் சூடாக்கி, கம்பியை அந்த இடத்தில் வையுங்கள். அயர்ன் முனையில் உருக்கிக் கொண்டுவந்து அப்பினால் ஒட்டியது போலத் தெரியும், ஒட்டியிருக்காது.

குழந்தைகள் உள்ள வீட்டுக்குக் காரீயமில்லாத கம்பிதான் சரி என்பது எங்கள் முடிவு. வெள்ளீயம் 99.3, செம்பு 0.7 கலந்தது 227 டிகிரியில் உருகும். வெள்ளி 3 சதவீதம் சேர்த்தது 217 டிகிரியிலேயே இளகத் தொடங்கும், ஆனால் விலை கூடுதல். இரண்டுக்கும் அயர்னில் சூடு அதிகம் வேண்டும். இணைப்பும் பளபளக்காது, அதைக் குறையென்று நினைத்து மறுபடி சுடாதீர்கள். ஐரோப்பாவில் 2006 ஜூலை முதலும், நம் நாட்டில் 2011ஆம் ஆண்டின் மின்னணுக் கழிவு விதிகளிலும் காரீயத்துக்கு 0.1 சதவீத வரம்பு வந்துவிட்டது. ஆகவே ஒப்பந்தக்காரரிடம் எந்தக் கம்பி என்று கேட்பது உங்கள் உரிமை. இரண்டையும் ஒரே போர்டில் கலந்தால் முழுச் சரக்கும் திரும்பி வரலாம்.

தகரப் பட்டறை ஆசிட்டைப் போர்டில் தொடவே கூடாது; செம்புக் கோடுகளை நாளடைவில் அரித்துவிடும். கம்பிக்குள்ளேயே இருக்கும் பிசின் போதும். எழும் புகை அந்தப் பிசினுடையது. அயர்ன் சூட்டில் காரீயம் ஆவியாவதில்லை என்றே சொல்லலாம். ஆனாலும் அந்தப் புகை ஆஸ்துமாவைக் கிளப்பும். ஜன்னலைத் திறந்து, புகையை வெளியே இழுக்கும்படி மின்விசிறியை வையுங்கள்.

காரீயம் உடம்புக்குள் போவது பெரும்பாலும் கை வழியாக. அஸருக்கு உளூ செய்தாயிற்று, கை சுத்தம்தானே என்று அப்படியே டீயும் பிஸ்கட்டும் எடுக்கிறோம். தண்ணீர் மட்டும் போதாது, சோப்பு போட்டுத் தேய்க்க வேண்டும். சால்டரிங் செய்த விரிப்பில் தஸ்தர்கான் விரிக்காதீர்கள். சிதறிய துளிகளைத் துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் ஒற்றி எடுங்கள்.

அந்தச் சகோதரி இப்போது மேசையை மொட்டைமாடிக் கொட்டகைக்கு மாற்றியிருக்கிறார். குழந்தையின் இரத்தத்தில் காரீய அளவைப் பார்க்க மருத்துவர் எழுதிக் கொடுத்திருக்கிறார். முடிவு இன்னும் வரவில்லை. துஆ செய்யுங்கள்.