ஒரு சாண் துணியும் ஒரு பெயரும்



துணிக்கடை நடத்துவோருக்கு வெட்டுத்துண்டின் மதிப்புத் தெரியும். விலைக்கு உதவாத துண்டுகளைக் கட்டி மூலையில் போட்டு வைப்போம். அத்தகைய துண்டுகளைக் கொண்டு, சிறைப்பட்ட பெண்கள் கூடிச் செய்த ஒரு தர்மத்தை இம்மாதப் பாடமாக எடுத்துக்கொள்வோம். அது நடந்த இடம் வெகு தூரத்தில் இல்லை. சிங்கப்பூரிலுள்ள சாங்கிச் சிறைச்சாலைதான்.

நடந்த வரலாறு

1942 பிப்ரவரி 15ஆம் தேதி சிங்கப்பூர் ஜப்பானியர் வசமாயிற்று. மறுமாதம் ஐரோப்பியக் குடிமக்கள் சாங்கிச் சிறைக்குக் கொண்டு செல்லப்பட்டனர். 600 கைதிகளுக்கென 1936இல் கட்டப்பட்ட அச்சிறையில் இரண்டாயிரத்துக்கும் அதிகமானோர் அடைக்கப்பட்டனர். ஆண்கள் ஒரு பகுதியில். பெண்களும் குழந்தைகளும் வேறொரு பகுதியில். படைவீரர்களாயிருந்த கணவன்மார் பலர் வேறு முகாம்களில் இருந்தனர். மனைவி உயிரோடிருக்கிறாளா என்பது கணவனுக்குத் தெரியாது.

அப்போது எதெல் மல்வேனி என்ற கனடா நாட்டு மாது ஒரு யோசனை சொன்னார். மருத்துவமனையில் கிடக்கும் காயமுற்றோருக்கு ஒட்டுப்போர்வை தைத்து அனுப்புவோம் என்றார். விரும்பிய ஒவ்வொரு பெண்ணுக்கும் சாண் அகலமும் இல்லாத ஒரு வெள்ளைச் சதுரத் துணி கொடுக்கப்பட்டது. தன் மனத்திலுள்ள ஏதேனும் ஒன்றை அதில் பூவேலையாகத் தைத்து, தன் பெயரையும் தைக்க வேண்டும். இதுவே நிபந்தனை. ஒருத்தி மலரைத் தைத்தாள். ஒருத்தி ஊரின் நினைவைத் தைத்தாள். மற்றொருத்தி தான் அடைபட்ட அறையையே தைத்தாள். இவ்விதம் 66 துண்டுகள் சேர்ந்து ஒரு போர்வையாயிற்று.

பிரிட்டிஷ் வீரர்களுக்கு ஒன்று, ஆஸ்திரேலிய வீரர்களுக்கு ஒன்று, ஜப்பானிய வீரர்களுக்கு ஒன்று என மூன்று போர்வைகள் இன்றும் இருக்கின்றன. ஒன்று பிரிட்டிஷ் செஞ்சிலுவைச் சங்கத்திடமும், மற்ற இரண்டு கான்பெராவிலுள்ள ஆஸ்திரேலியப் போர் நினைவகத்திலும் பாதுகாக்கப்படுகின்றன.

முதற் பாடம்: சமமான பங்கு

அவர்களில் வசதியாக வாழ்ந்தவர்களும் இருந்தனர், சாதாரணமானவர்களும் இருந்தனர். ஆயினும் துணியின் அளவு எல்லாருக்கும் ஒன்றே. ஒருத்தியின் துண்டு பெரிதாகியிருந்தால் போர்வை கோணலாகிவிடும். நம் சங்க வசூலிலும் பெருந்தொகை தருபவரையே எதிர்பார்த்திருக்கிறோம். கடைச்சிப்பந்தியின் ஒரு வெள்ளியை வாங்க நாம் நடப்பதில்லை. அவர் பங்கு விடுபட்ட இடம் போர்வையில் விழுந்த துவாரமல்லவா?

இரண்டாம் பாடம்: பெயர் எதற்கு?

தர்மத்தை மறைத்துச் செய்வது மேலென்று நாம் அறிவோம். அப்படியிருக்க, அப்பெண்கள் பெயரைத் தைத்தது பெருமைக்கா? இல்லை. போர்வை மருத்துவமனைக்குப் போனால் அங்கிருப்போர் பெயர்களைப் படிப்பார்கள். "இவள் உயிரோடிருக்கிறாள்" என்ற செய்தி கணவனை எட்டும். கடிதம் செய்ய முடியாததை ஊசி செய்தது.

இதன் அருமை நமக்குப் புரியாமற் போகாது. அதே ஜப்பானியர் காலத்தில் ஊர்க் கடிதம் நின்றுபோய், கடையநல்லூரிலும் நாகூரிலும் கூத்தாநல்லூரிலும் எத்தனை வீடுகள் கடலைப் பார்த்துக் காத்திருந்தன! ஆகவே பெயரைப் போடும்போது நம்மையே கேட்டுக்கொள்வோம்: இது என்னைப் புகழ்வதற்கா, காத்திருப்பவருக்கு ஆறுதல் தருவதற்கா?

மூன்றாம் பாடம்: எதிரியின் காயம்

சிறைப்படுத்தியவரின் காயமுற்றோருக்கும் ஒரு போர்வை தைத்தார்கள். மற்றப் போர்வைகள் வெளியே போக அனுமதி பெறும் யுக்தியும் அதில் உண்டு, மறைக்க வேண்டியதில்லை. ஆயினும் அதன் பின்புறத்தில் அந்த வீரர்களின் துன்பத்திற்கு அனுதாபமும் தெரிவித்திருந்தார்கள். நம்மிடையே எதிர்க்கடைக்காரர் வீட்டில் நோய் என்றால் எட்டிப் பார்க்கத் தயங்குகிறோம். கைதிகளாயிருந்தவர்களால் முடிந்தது, சுதந்திரமாகக் கடை திறந்து வைத்திருக்கும் நம்மால் முடியாதா?

சிந்திக்க:

1. நம் சங்க உதவிப் பட்டியலில் இதுவரை கேட்கப்படாதவர் யார்?
2. உதவி பெறுவோருக்குப் பணத்தோடு என்ன செய்தி போய்ச் சேருகிறது?
3. நாம் பேசாதிருக்கும் வியாபாரி ஒருவருக்கு இந்த மாதம் என்ன செய்யலாம்?

அடுத்த கூட்டத்தில் இவற்றுக்கு விடையோடு வாருங்கள்.