ஆற்று உப்பு: நம்பிக்கைகளும் உண்மைகளும்

பாறையிலிருந்து இயற்கையாகக் கரைவது போக, ஆற்று நீரில் உப்பு முக்கியமாக இரண்டு வழிகளில் ஏறுகிறது. வறட்சியில் ஆற்றின் ஓட்டம் குன்றும்போது கடல் ஏற்றம் முகத்துவாரத்தின் வழியே உள்ளே புகுவது ஒரு வழி. பயிருக்குப் பாய்ச்சிய நீர் மண்ணிலும் அடிப்பாறையிலும் கிடக்கும் உப்பைக் கரைத்துக்கொண்டு ஆற்றுக்கே திரும்பி வருவது இன்னொரு வழி. மலேசியாவின் மலாக்கா மாநிலத்தில், தஞ்சோங் கிளிங் போன்ற கரையோர ஊர்களில் முதல் வழி மட்டுமே கண்ணில் படும். அதனால் இரண்டாவதைப் பற்றிப் பல தவறான எண்ணங்கள் நிலவுகின்றன.

நம்பிக்கை: ஆற்றை உப்பாக்குவது கடல் மட்டுமே.

மலாக்காவைப் பொறுத்தவரை இது பெரும்பாலும் சரி. ஆண்டுக்கு ஏறத்தாழ 2,000 மி.மீ. மழை பெய்யும் மண்ணில் உப்பு தங்குவதில்லை, மழையே கழுவிவிடும். மழை குறைந்த நாடுகளில் நிலைமை வேறு. அமெரிக்காவின் கொலராடோ ஆறு சுமக்கும் உப்பில் ஏறக்குறைய பாதி இயற்கையானது. மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் விவசாயப் பாசனத்தால் வருவது. 1961இல் அரிசோனாவின் வெல்டன்-மொஹாக் பாசன வட்டாரம், வயல்களுக்கு அடியில் தேங்கிய உவர்நீரை இறைத்து ஆற்றில் விடத் தொடங்கியது. எல்லைக்கு அப்பால் மெக்சிகோவின் மெக்சிகாலி விவசாயிகளுக்குப் போய்ச் சேர்ந்த நீரின் உப்பு, லிட்டருக்குச் சுமார் 800 மில்லிகிராமிலிருந்து 1,500க்கும் மேலே ஏறியது. பயிர் கருகியது, இரு நாடுகளுக்கும் இடையே பெரும் பூசல் மூண்டது. அந்த உப்பில் கடலுக்குப் பங்கே இல்லை. 1973 ஆகஸ்ட் 30இல் இரு நாடுகளும் உடன்பாடு கண்டன. மறு ஆண்டே அமெரிக்கா கொலராடோ படுகைக்கு உவர் கட்டுப்பாட்டுச் சட்டம் இயற்றியது.

நம்பிக்கை: உரமும் மருந்தும்தான் நீரை உப்பாக்குகின்றன.

உரத்துக்குச் சிறு பங்கு உண்டு. பெரும் பங்கு பாசன நீருக்கே. லிட்டருக்கு 500 மில்லிகிராம் உப்புள்ள நீர் வாய்க்கு நல்ல நீர்தான். அதே நீரை ஒரு ஹெக்டேருக்கு ஒரு பருவத்தில் ஒரு மீட்டர் உயரத்துக்குப் பாய்ச்சினால் 5 டன் உப்பு வயலில் இறங்குகிறது. பயிர் நீரைக் குடிக்கிறது, உப்பை விட்டுவிடுகிறது. பாதி நீரைப் பயிர் குடித்து மீதி வடிந்தால், வடியும் நீரில் உப்பு இருமடங்காகிவிடும்.

நம்பிக்கை: தண்ணீரைத் தாராளமாக விட்டால் உப்பு கழுவிப் போய்விடும்.

வயலிலிருந்து போய்விடும்; ஆற்றில் போய்ச் சேரும். வேர்ப் பகுதியில் உப்பு தேங்காதிருக்கத் தேவைக்குச் சற்றுக் கூடுதலாக நீர் விடத்தான் வேண்டும். அந்த அளவைத் தாண்டிய ஒவ்வொரு வாளி நீரும் கீழே உள்ள உப்பைத் தேடிப்போய் ஆற்றுக்கு அழைத்து வருகிறது. இதைத் தெளிவாகக் காட்டும் இடம் கொலராடோ மாநிலத்தின் கிராண்ட் பள்ளத்தாக்கு. அங்கே மழை ஆண்டுக்கு 250 மி.மீ.க்கும் குறைவு. வயல்களுக்கு அடியில் கிடப்பதோ பழங்காலக் கடலின் அடிச்சேற்றில் உருவான மான்கோஸ் களிப்பாறை. மண் கால்வாய்களில் கசிந்த நீரும் சால்களில் அளவின்றி ஓடிய நீரும் அந்தப் பாறையைக் கரைத்து ஆற்றில் கொண்டு சேர்த்தன. பெரிய கால்வாய்களுக்குச் சிமெண்ட் பூசினார்கள். கிளை வாய்க்கால்களைப் பிளாஸ்டிக் குழாய்களாக்கி மண்ணுக்கடியில் புதைத்தார்கள். வயலின் தலைமாட்டில், ஒவ்வொரு சாலுக்கும் ஒரு சிறு திறப்பு வைத்த குழாயைப் போட்டு, வேண்டிய அளவு மட்டும் நீர் விட்டார்கள். படுகை முழுவதும் நடந்த இத்தகைய வேலைகளால் இன்று ஆண்டுக்குப் பத்து லட்சம் டன்னுக்கும் மேற்பட்ட உப்பு ஆற்றில் சேராமல் தடுக்கப்படுகிறது. உப்பைப் பிரித்தெடுக்காமல், அது கரையவே இடம் கொடுக்காமல் அடைந்த பலன் இது. பாசன வரலாற்றில் இதற்குரிய மதிப்பு இன்னும் கிடைக்கவில்லை.

நம்பிக்கை: உவர் நீக்கும் ஆலை கட்டினால் போதும்.

அரிசோனாவின் யூமாவில் பெரும் பொருட்செலவில் அப்படி ஓர் ஆலை கட்டி 1992இல் முடித்தார்கள். சில மாதங்கள் ஓடியது. பிறகு 2010-11இல் சோதனைக்காக ஏறக்குறைய ஓராண்டு ஓடியது. மற்றபடி வெல்டன்-மொஹாக்கின் உவர்நீர் ஆலைக்குள் போகாமல் தனிக் கால்வாயில் மெக்சிகோவின் சாந்தா கிளாரா சதுப்புநிலத்துக்குப் போகிறது.

நம்பிக்கை: வாய்க்காலுக்குச் சிமெண்ட் போடுவது எங்கும் நல்லது.

வாய்க்காலுக்கு அடியில் உப்புப் பாறை இருந்தால் நல்லது. அடியில் நன்னீர் ஊற்று இருந்தால் கசிவே கிணறுகளுக்கு உயிர். கலிபோர்னியாவின் ஆல்-அமெரிக்கன் கால்வாயின் ஒரு பகுதிக்குச் சிமெண்ட் பூசும் வேலை 2009இல் முடிந்ததும், அந்தக் கசிவை நம்பியிருந்த மெக்சிகாலி கிணறுகளுக்கு வரத்து குறைந்தது. காவிரியின் கடைமடையிலும் இதை எண்ணிப் பார்க்க வேண்டும். கரையோரத்தில் உவர்நீரின் மேல் மெல்லிய படலமாக மிதக்கும் நன்னீருக்கு மழையும் வாய்க்கால் கசிவும்தான் ஆதாரம். அங்கே உப்பைத் தடுப்பது கடைமடை மதகுகளும் அவற்றை எட்டும் ஆற்று நீரும். அரிச்சந்திரா நதி, அடப்பாறு, வெள்ளையாறு முதலிய, காவிரியிலிருந்து பிரியும் வெண்ணாற்றின் கிளைகளைத் தூர்வாரி, மதகுகளைச் சீரமைக்க ஆசிய வளர்ச்சி வங்கி 2016இல் கடன் கொடுத்ததன் நோக்கங்களில் இதுவும் ஒன்று.

நம்பிக்கை: கரையோரத் தோட்டங்களில் வடிகாலை ஆழமாக வெட்டினால் உப்பு வடிந்துவிடும்.

தீபகற்ப மலேசியாவின் மேற்குக் கரையில், கேரித் தீவு முதல் மேற்கு ஜொகூர் வரை, கடற்கரைக் களிமண்ணில் செம்பனை நிற்கும் தோட்டங்களுக்கு இந்த எண்ணம் பெரும் கேடு. கடலோரம் மண் அணை எழுப்பி, வடிகால் முடியும் இடத்தில் மேலே கீல் பூட்டிய மதகுக் கதவை வைப்பது அங்கே வழக்கம். ஏற்றத்தில் கடல்நீரே கதவைத் தள்ளி மூடும். வற்றத்தில் உள்நீர் தள்ளித் திறக்கும். ஒரு மட்டைத்துண்டு இடுக்கில் சிக்கினால் போதும், கதவு முழுதாக மூடாது; ஏற்றம்தோறும் உப்புநீர் வடிகாலில் ஏறும். முதலில் தாழ்வான இடத்து மரங்களின் ஓலை நுனியிலிருந்து காயத் தொடங்கும். ஆக, அங்கே உப்பைத் தடுப்பது மதகு சரியாக மூடுவதே, வடிகாலின் ஆழம் அல்ல. 1932இல் தொடங்கிய வடிகால் நீர்ப்பாசனத் துறையின் கரையோர வேலைகளில் இந்த அணைகளும் மதகுகளும் முக்கியமானவை.

வடிகாலை அளவுக்கு மேல் தோண்டினால் வேறொரு கேடு வரும். இந்தக் களிமண்ணின் அடியில் பல இடங்களில் கந்தகம் கலந்த இரும்புத் தாது இருக்கிறது. நீரில் மூழ்கியிருக்கும்வரை தீங்கில்லை. நீர்மட்டம் இறங்கிக் காற்றுப் பட்டால் கந்தக அமிலமாகிவிடும். வடிகால் நீர் புளித்து, துருநிறப் படிவோடு ஓடும், வேர் கருகும். அதனால் வடிகாலின் குறுக்கே பலகைகளை அடுக்கி, நீர்மட்டம் அந்தத் தாதுப் படிவத்துக்குக் கீழே போகாமல் காக்கிறார்கள். பல தோட்டங்களில் இந்த நீர்மட்டம் தரையிலிருந்து சுமார் 50 செ.மீ. ஆழம். மழைக்காலம் தொடங்கியதும் பலகைகளை எடுத்து, தேங்கிய புளித்த நீரை வற்ற நேரத்தில் மதகு வழியே வெளியேற்றி, புதுமழை நீரைப் பிடித்துக்கொண்டு மறுபடி பலகை போடுகிறார்கள்.