அம்மாவின் பராமரிப்பு: காசா, சேவையா, இரண்டுமா?

ஜேர்மனியில் வயதான பெற்றோரை வீட்டில் வைத்துப் பார்க்கும் நம்மவர்கள் பலர், பராமரிப்புக் காப்புறுதி தருவதை முழுக்கக் காசாகவே வாங்கிவிடுகிறார்கள். வெளியாள் வீட்டுக்குள் வர வேண்டாமே என்ற கூச்சம் ஒரு காரணம். கணக்குப் பார்க்காதது அதைவிடப் பெரிய காரணம். மூன்றாம் பராமரிப்பு நிலையில் இருப்பவருக்கு, 2025 முதல் காசாக மாதம் 599 யூரோ. அதையே பராமரிப்பு நிறுவனத்தின் ஆள் வந்து செய்யும் சேவையாக எடுத்தால் 1,497 யூரோ வரை. அந்தப் பணம் நேரே நிறுவனத்துக்குப் போகும்.

விண்ணப்பிக்க, பராமரிப்புக் காப்புறுதியான 'பிளேகெகாசே'க்கு ஒரு தொலைபேசி அழைப்பே போதும். விண்ணப்பித்த மாதத்திலிருந்துதான் கணக்கு என்பதால் தள்ளிப்போடாதீர்கள். பராமரிப்பு நிலையைத் தீர்மானிக்க மதிப்பீட்டாளர் வீட்டுக்கு வரும் நாளில் பிள்ளைகளில் ஒருவர் கட்டாயம் கூட இருங்கள். வந்தவர் முன்னால் "எல்லாம் நானே செய்வேன்" என்று சொல்லாத அப்பாவை நான் இன்னும் காணவில்லை.

சிக்கல் தொடங்குவது, இரண்டையும் கலந்து எடுக்கும்போது. பாவிக்காத சேவைத் தொகை அப்படியே காசாகக் கையில் வரும் என்று நினைக்கிறார்கள். வராது. விகிதம்தான் பார்ப்பார்கள். காலையில் குளிக்க வார்த்து உடுப்பு மாற்ற ஆள் வருகிறார், மாதக் கணக்கு 898 யூரோ 20 சென்ட் என்று வையுங்கள். அது 1,497இல் 60 வீதம். மீதி 40 வீதத்தை 599இல் கணக்கிட வேண்டும்: 239 யூரோ 60 சென்ட் காசாக வரும். நிறுவனத்திடம் எழுத்தில் செலவு மதிப்பீடு வாங்கி, இந்தக் கணக்கை வீட்டில் போட்டுப் பார்த்த பிறகே ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுங்கள். நீங்கள் தெரிவிக்கும் விகிதம் ஆறு மாதம் கட்டுப்படுத்தும். ஆகவே முதலிலேயே பிளேகெகாசேயிடம், மாதாமாதம் உண்மையில் எடுத்த சேவையின்படி கணக்கிடுவார்களா என்று கேளுங்கள்.

இன்சுலின் ஊசி, புண்ணுக்கு மருந்து கட்டுவது போன்றவற்றை இந்த 1,497க்குள் விடவே கூடாது. வைத்தியர் எழுதிக் கொடுத்தால் அவை மருத்துவக் காப்புறுதியின் செலவு. பட்டியலில் அவை கலந்திருந்தால் அங்கேயே நிறுத்திக் கேளுங்கள்.

எதைச் சேவையாக எடுப்பது? குடும்பத்தை முறிக்கிற வேலையை. சமையலை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். குளிப்பாட்டுவதை, தூக்கி இருத்துவதைப் பழகியவரிடம் விடுங்கள். மகன் குளிக்க வார்ப்பதை விரும்பாத அம்மாவுக்குப் பெண் பணியாளரைக் கேட்கலாம். இயன்றவரை அந்த விருப்பத்தை மதிக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது.

மாத முடிவில் சேவைப் பதிவுத் தாளில் வராத நாளுக்கும் வந்ததாகக் குறித்திருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள். அந்தப் பிழை உங்கள் காசைக் குறைக்கும். நிறுவனம் சரியில்லையென்றால் பராமரிப்புப் பெறுபவர் எந்த நேரமும் முன்னறிவித்தல் காலமின்றி ஒப்பந்தத்தை முறிக்கலாம். முகத்துக்காகச் சகித்துக்கொண்டிருக்க வேண்டாம்.

கடைசியாக, வீட்டில் வைத்துப் பராமரிக்கப்படுபவர்களுக்கு மாதம் 131 யூரோ சுமைகுறைப்புத் தொகை தனியாக உண்டு. அதை அங்கீகரிக்கப்பட்ட வீட்டு உதவிக்குச் செலவழித்தால் 599இல் ஒரு சென்ட்கூடக் குறையாது. வீடு துடைக்க, கடைக்குப் போக முதலில் இதையே எடுங்கள். ஓராண்டில் பாவிக்காமல் மிஞ்சியது அடுத்த ஆண்டு ஜூன் 30உடன் போய்விடும்.