மாணாக்கரும் மனப்பதகளிப்பும்

பரீட்சை அண்மிக்குங் காலத்தில் நம் மாணாக்கர் பலரிடம் சில மாற்றங்களைக் காண்கின்றோம். உணவில் நாட்டம் குறைகின்றது; இரவில் உறக்கம் வருவதில்லை; நன்கு கற்ற பாடமும் வினாத்தாளைக் கண்டவளவில் மறந்தாற் போலாகின்றது. பெற்றோருட் சிலர் இதனைச் சோம்பல் என்பர். வேறு சிலர் கோழைமை என்பர். இரண்டும் பிழையான தீர்ப்புக்களே. உளவியலார் இந்நிலையைப் பதகளிப்பு என வழங்குவர். இதனை அடியோடு ஒழித்தல் எவர்க்கும் இயலாது, ஒழிக்கவேண்டுவதுமில்லை. ஆயின், நாடோறுங் கைக்கொள்ளுஞ் சிறு பழக்கங்களால் இதனை ஓரளவிற்குள் நிறுத்தலாம். அப்பழக்கங்கள் சிலவற்றை ஈண்டு ஆராய்வாம்.

பதகளிப்பின் இயல்பு

அமெரிக்க உடற்றொழிலியல் அறிஞரான வோல்ட்டர் கனன் என்பார், நோவு, பசி, அச்சம், சினம் என்பவற்றால் உடலில் நிகழும் மாற்றங்கள் பற்றி 1915 ஆம் ஆண்டில் நூலொன்று வெளியிட்டார். ஆபத்தை எதிர்ப்படும் உயிர், போரிடுதற்கோ தப்பியோடுதற்கோ ஆயத்தமாகின்றது. பரிவு நரம்புத்தொகுதி தூண்டப்படுகின்றது, சிறுநீரகங்களின் மேலமைந்த சுரப்பிகள் அதிரீனலினைக் குருதியிற் கலக்கின்றன, இதயம் விரைந்து துடிக்கின்றது, தசைகளுக்குக் குருதி மிகுதியாகப் பாய்கின்றது, சமிபாடு தாழ்கின்றது. புலியைக் கண்டவனுக்கு இவையாவும் உதவியாகும். பரீட்சை மண்டபத்திலோ ஓடுதற்கு இடமுமில்லை, பொருதற்குப் பகைவனுமில்லை. ஆயத்தம் மாத்திரம் எஞ்சி நிற்கின்றது. கை வியர்த்தலும், நெஞ்சு படபடத்தலும், வயிறு கலங்குதலும் அதன் விளைவுகளே. இவ்வுண்மையை அறிந்த மாணாக்கன் தன் படபடப்பைக் கண்டு மேலும் அஞ்சமாட்டான். அச்சத்தைக் கண்டு அஞ்சுவதே துன்பத்தை இரட்டிப்பாக்குவது.

கைக்கொள்ளத்தக்க பழக்கங்கள்

முதலாவது, மூச்சு. உள்மூச்சின்போது இதயத்துடிப்பு சிறிது விரைதலும், வெளிமூச்சின்போது தாழ்தலும் இயல்பு. ஆதலால், நான்கு எண்ணும் வரை மூச்சை உள்ளிழுத்து, ஆறு எண்ணும் வரை மெல்ல வெளிவிடல் நன்று. நிமிடத்துக்கு ஏறக்குறைய ஆறு மூச்சாக ஐந்து நிமிடம் செய்தல் போதும். இதனைப் பரீட்சை நாளன்றே முதன்முதற் செய்யப் புகுவோன் பெரும்பயன் காணான். நீந்தக் கற்பவன் வெள்ளம் வரும்வரை காத்திருப்பதில்லை. அமைதியான நாட்களிற் பழகியதே கலங்கிய நாளிற் கைகொடுக்கும்.

இரண்டாவது, கவலைக்கு ஒரு வேளை குறித்தல். இது வியப்பாகத் தோன்றலாம். தோமஸ் போர்க்கவெக் என்னும் உளவியலாரும் அவருடன் ஆய்ந்தோரும் 1983 இல் இம்முறையை வெளியிட்டனர். நாடோறும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில், அரைமணி நேரத்தைக் கவலைப்படுதற்கென ஒதுக்கல் வேண்டும். பிற வேளைகளிற் கவலை எழுந்தால், அதனைத் தாளிற் குறித்து அவ்வேளைக்கு ஒத்திவைத்தல் வேண்டும். “கவலைப்படாதே” என்று மனத்துக்கு ஆணையிட்டால் மனம் கேட்பதில்லை. “மாலை ஐந்து மணிக்குப் பார்ப்போம்” என்றால் பெரும்பாலும் இணங்குகின்றது. உரிய வேளையில் அத்தாளை எடுத்து, நாம் செய்யத்தக்கவை இவை, நம் கையில் இல்லாதவை இவை என இருகூறாக்குக. இரசாயனத்தில் ஓரலகு விளங்கவில்லை என்பது முதற்கூறு. அதற்கு ஆசிரியரை அணுகும் நாளைக் குறிக்கலாம். இவ்வாண்டு வெட்டுப்புள்ளி யாதாகும் என்பது இரண்டாங்கூறு. அதனை எத்துணை நேரம் எண்ணினும் ஒரு புள்ளியேனுங் கூடாது. இவ்வேளையைப் படுக்கையில் வைத்துக்கொள்ளல் ஆகாது.

மூன்றாவது, அஞ்சுவதை விட்டு விலகாமை. கடினமான பாடத்தை நாளைக்கென ஒதுக்கியவுடன் மனத்துக்கு ஓர் ஆறுதல் உண்டாகின்றது. அவ்வாறுதலே நஞ்சாகின்றது. விலகினால் ஆறுதல் கிட்டும் என மனம் கற்றுக்கொண்டு, மறுநாளும் விலகவே தூண்டும். அச்சமோ தீண்டப்படாமலே வளரும். இதற்கு மாற்று, அப்பாடத்தையே நாளின் முதற்பாடமாக இருபது நிமிடங்களுக்கு எடுத்துக்கொள்வதாம். முழுவதும் விளங்கவேண்டுமென்பதில்லை, நூலைத் திறந்து அதன்முன் அமர்தலே அன்றைய வெற்றி.

நான்காவது, உறக்கமும் விளையாட்டும். தேநீரிலும் கோப்பியிலுமுள்ள கபேன் உடலிற் பாதியாகக் குறைதற்கு ஏறக்குறைய ஐந்து மணி நேரம் செல்லும். இரவு எட்டு மணிக்குப் பருகிய தேநீரின் கபேனிற் பாதி பின்னிரவு ஒரு மணிக்கும் உடலிலிருக்கும். அது நெஞ்சுப் படபடப்பையும் மிகுவிக்கும். 2018 இல் மைக்கேல் ஸ்கல்லின் என்பாரும் உடனாய்வாளரும் 57 இளைஞரைக்கொண்டு நிகழ்த்திய ஓர் ஆய்வினை வெளியிட்டனர். உறங்குமுன் ஐந்து நிமிடம், இனிச் செய்யவேண்டியவற்றை எழுதியோர், செய்து முடித்தவற்றை எழுதியோரினும் ஏறக்குறைய ஒன்பது நிமிடம் முந்தி உறங்கினர். விளையாட்டைப் பற்றியும் ஒன்று கூறல் வேண்டும். உயர்தர வகுப்புக்கு வந்தவுடன் மைதானத்தை மறந்துவிடும் வழக்கம் நம்மிடையே உண்டு. ஓடுதற்கு ஆயத்தமான உடலுக்கு ஓட இடங்கொடுப்பதே மருந்து என்பதை அவர்கள் அறியார்.

பெரியோர் கடன்

இம்மலரைப் படிக்கும் பழைய மாணவருட் பலர் இன்று தந்தையராகவும் ஆசிரியராகவும் விளங்குகின்றனர். “எத்தனை ஏ கிடைக்கும்?” என்று வினவுவதற்கு முன் “நேற்று நன்றாக உறங்கினாயா?” என்று வினவுதல் அவர்தங் கடனாம். பெறுபேறு எவ்வாறாயினும் வீட்டில் தன் இடம் மாறாது என்பதை மகன் பரீட்சைக்கு முன்னரே அறிந்திருத்தல் வேண்டும். பின்னர்க் கூறுவது சிலவேளை காலங் கடந்ததாகிவிடும்.

இப்பழக்கங்கள் எல்லார்க்கும் எந்நிலையிலும் போதியவை அல்ல. கிழமைக்கணக்காக உறக்கமும் உணவும் இழந்தவனை, நண்பரை விட்டொதுங்கியவனைத் தாமதமின்றி மருத்துவரிடம் அழைத்துச் செல்லல் வேண்டும். சாவைப் பற்றிப் பேசுபவனைத் தனித்திருக்க விடாது அன்றே அழைத்துச் செல்லல் வேண்டும். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்னும் தொலைபேசி இலக்கமும் இதற்கென்றே உளது. கால் முறிந்தவன் வைத்தியசாலை செல்ல நாணுவதில்லை. மனம் நொந்தவனும் நாணவேண்டுவதில்லை.

மாணாக்கர்காள்! மேற்கூறியவற்றுள் ஒன்றையேனும் இன்றே தொடங்குக. பரீட்சைக்கு இன்னும் நாளிருக்கும்போதே தொடங்குவது சாலச் சிறந்தது.