குளத்து நீரின் சூடும் மீனின் வாழ்வும்



வீட்டுக் கொல்லையில் உள்ள குட்டையிலோ, குத்தகைக்கு எடுத்த குளத்திலோ மீன் வளர்த்துப் பிழைக்கும் குடும்பங்கள் நம்மிடையே உண்டு. கையிருப்பைப் போட்டுக் குஞ்சு வாங்கி, எட்டுப் பத்து மாதம் தீனி போட்டு வளர்க்கிறார்கள். கோடையில் ஒரு நாள் விடிந்து பார்த்தால் மீனெல்லாம் செத்து மிதக்கிறது. "யாரோ விஷம் கலந்துவிட்டார்கள்" என்ற பேச்சு உடனே கிளம்பும். பக்கத்து வயல்காரர் மேல் சந்தேகம் விழும். பல நேரங்களில் உண்மைக் காரணம் விஷமல்ல, தண்ணீரின் சூடுதான். அது எப்படி என்று அறிந்துகொண்டால் பொருள் நஷ்டத்தையும் மனஸ்தாபத்தையும் தவிர்க்கலாம்.

சூடு ஏறினால் மீனுக்கு என்ன நடக்கிறது?

வெளியே வெயிலானாலும் குளிரானாலும் நம் உடலின் வெப்பம் ஏறக்குறைய 37 டிகிரி செல்சியஸிலேயே நிற்கும். மீன் அப்படியல்ல. தண்ணீரில் என்ன வெப்பமோ அதுவே அதன் உடலின் வெப்பம். தீனி செரிப்பது, மூச்சு விடுவது, சதை வளர்வது ஆகிய உடலின் உள்வேலைகளை வளர்சிதை மாற்றம் என்கிறோம். மீன் தாங்கக்கூடிய அளவுக்குள் தண்ணீரின் வெப்பம் 10 டிகிரி கூடினால், இந்த வேலைகளின் வேகம் ஏறத்தாழ இரண்டு மடங்காகும். வேகம் கூடினால் மீனுக்குத் தேவையான ஆக்ஸிஜனும் கூடும்.

ஆனால் தண்ணீரின் இயல்போ இதற்கு நேர் எதிரானது. 20 டிகிரியில் ஒரு லிட்டர் நன்னீர் சுமார் 9 மில்லிகிராம் ஆக்ஸிஜனைக் கரைத்து வைத்திருக்கும். 30 டிகிரியில் சுமார் 7.5 மில்லிகிராம்தான் கரையும். மீனுக்குத் தேவை கூடும் நேரத்தில் தண்ணீரின் இருப்பு குறைகிறது. கோடைக் குளத்தின் ஆபத்து இதில்தான் இருக்கிறது.

விடியற்காலையில் ஏன் சாகிறது?

பகலில் குளத்துப் பாசி வெயிலைக் கொண்டு ஆக்ஸிஜனை உண்டாக்கும். இரவில் பாசியும் மீனைப் போலவே ஆக்ஸிஜனை எடுத்துக்கொள்ளும். அடியில் கிடக்கும் மீதித் தீனியும் சாணமும் அழுகும்போது அதற்கும் ஆக்ஸிஜன் செலவாகும். ஆகவே சூரியன் உதிக்கும் முன்தான் இருப்பு மிகக் குறைவு. அப்போது மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். அது பசியல்ல, மூச்சுத் திணறல். அந்த நேரத்தில் தீனி போடுவது ஆபத்து. புதுத் தண்ணீர் விட வேண்டும். அதற்கு வழியில்லை என்றால், குளத்துத் தண்ணீரையே பம்பு வைத்து உயரத்திலிருந்து தூவி விழச் செய்ய வேண்டும்.

விஷமா, மூச்சுத் திணறலா என்று அறிய உதவும் அடையாளங்களும் உண்டு. ஆக்ஸிஜன் குறைந்தால் சாவு பெரும்பாலும் விடியலில் நடக்கும், பெரிய மீன்கள் முதலில் சாகும். விஷமானால் எந்த நேரத்திலும் நடக்கலாம், குஞ்சு, தவளை, நத்தை எல்லாம் சேர்ந்து சாகலாம். இவை அடையாளங்கள் மட்டுமே, முடிவான சான்றல்ல. ஒருவரைக் குறை சொல்வதற்கு முன் மீன்வளத் துறை அலுவலகத்தில் கேட்டு, தண்ணீரைச் சோதித்துப் பார்ப்பதே நியாயம்.

தீனியின் கணக்கு

கட்லா, ரோகு, மிர்கால் ஆகியவை 25 முதல் 32 டிகிரி வரை நன்றாகத் தின்று வளரும். 20 டிகிரிக்குக் கீழே போனால் மந்தமாகும். 35 டிகிரியைத் தாண்டினால் தவிக்கும். குளத்தில் தலா 400 கிராம் எடையுள்ள 500 மீன்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். மொத்த எடை 200 கிலோ. நூற்றுக்கு இரண்டு பங்கு என்றால் ஒரு நாள் தீனி 4 கிலோ. தண்ணீர் அதிகம் சூடான நாட்களிலும், மேகமூட்டமாகப் புழுங்கும் நாட்களிலும் அதே 4 கிலோவைப் போட்டால் மீன் பாதியை விட்டுவிடும். மீதி அழுகி ஆக்ஸிஜனைத் தின்னும், அம்மோனியாவையும் கூட்டும். சூடு ஏற ஏற அம்மோனியாவின் நஞ்சுத்தன்மையும் ஏறும். அந்த நாட்களில் தீனியைப் பாதியாகக் குறைப்பதே லாபம்.

இனப்பெருக்கமும் சூடும்

இந்தக் கெண்டை மீன்கள் மழைக்காலத்தில் ஆற்றில் புதுவெள்ளம் வரும்போது முட்டையிடுபவை. தேங்கிய குளத்தில் தாமாக முட்டையிடுவதில்லை. 1957 ஜூலை 10 அன்று ஹீராலால் சவுத்ரி என்ற விஞ்ஞானி ஹார்மோன் ஊசி மூலம் இவற்றை முட்டையிடச் செய்து காட்டினார். அந்த நாள்தான் இன்று தேசிய மீன் வளர்ப்போர் தினம். ஆனால் ஊசி மட்டும் போதாது. தண்ணீரின் வெப்பமும் பொருந்தி வர வேண்டும். குளிர்ந்தால் முட்டை பொரிவது தாமதமாகும். மிகச் சூடானால் முட்டை கெடும், ஊனமான குஞ்சுகள் வரும்.

திலேப்பியா வேறு வகை. வெதுவெதுப்பான தண்ணீரில் குளத்திலேயே அடிக்கடி இனம் பெருக்கும். குளம் முழுக்கக் குஞ்சுகள் நிறைந்து, விற்கத்தக்க அளவில் ஒன்றும் வளராமல் போகும். குஞ்சுப் பருவத்தின் முதல் வாரங்களில் தண்ணீர் மிகச் சூடாக இருந்தால் திலேப்பியாவில் ஆண்கள் கூடுதலாக உருவாவதையும் ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள்.

மனதில் கொள்ள வேண்டியவை

1. ஒரு வெப்பமானி வாங்குங்கள். காலை 6 மணிக்கும் மாலை 3 மணிக்கும் ஓரடி ஆழத்தில் அளந்து நோட்டில் எழுதுங்கள். பள்ளி செல்லும் பிள்ளைகளிடமே இதை ஒப்படைக்கலாம்.

2. கோடையில் ஐந்தடி ஆழத்துக்குக் குறையாமல் தண்ணீர் வையுங்கள். ஆழம் குறைந்தால் சூடு சீக்கிரம் ஏறும்.

3. குஞ்சு வந்த பாலிதீன் பையை உடனே அவிழ்த்துக் கொட்டாதீர்கள். அரை மணி நேரம் குளத்தில் மிதக்கவிட்டு, குளத்து நீரைச் சிறிது சிறிதாகப் பையில் சேர்த்த பிறகு விடுங்கள். காலையோ மாலையோ செய்யுங்கள், உச்சி வெயிலில் வேண்டாம்.

4. மீன் மேலே வந்து வாய் பிளந்தால் தீனியை நிறுத்துங்கள், தண்ணீரை விடுங்கள்.

ஒரு வெப்பமானிக்கும் ஒரு நோட்டுக்கும் ஆகும் செலவு சிறிது. அது காப்பதோ ஒரு குடும்பத்தின் ஒரு வருட உழைப்பு, அதோடு அண்டை வீட்டாரின் நட்பும்.