ஊட்டிச் சுற்றுலாவா? பை கட்டும் முன்…

பிளஸ் ஒன் பிள்ளை செல்ஃபிக்காக உடை எடுத்து வைக்கும். குளிருக்கு வேண்டியதை நீங்கள் பாருங்கள்.

1. புது ஷூவை ஒரு வாரம் முன்பே போட்டுப் பழக்குங்கள். தாவரவியல் பூங்கா முழுக்க ஏற்றம். ஷூ கடித்த காலோடு நடக்க முடியாது.

2. ஜீன்ஸ் ஒன்று போதும். நனைந்தால் லேசில் காயாது.

3. தொளதொள டீ-ஷர்ட்தான் வேண்டுமென்று அடம்பிடித்தால் விட்டுவிடுங்கள். உள்ளே ஸ்வெட்டர் போட இடமிருக்கும். தொட்டபெட்டா 2,637 மீட்டர் உயரம். வெயிலிலும் காற்று ஊசியாய்க் குத்தும்.

4. எவர்சில்வர் பாட்டில் கொடுத்தனுப்புங்கள். நீலகிரியில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தடை.

5. மேட்டுப்பாளையத்தில் அரை வயிறு சாப்பிடச் சொல்லுங்கள். குன்னூர் போய்ச் சேர்வதற்குள் 14 கொண்டை ஊசி வளைவுகள்.

6. மாற்றுச் சட்டை கைப்பையிலேயே இருக்கட்டும். பக்கத்து சீட்டுப் பிள்ளை முழு வயிறு சாப்பிட்டிருக்கலாம்!