செல்ஃப் சுற்றுகிறது, என்ஜின் பிடிக்கவில்லை

கேள்வி: 1980களின் பிற்பகுதியைச் சேர்ந்த பெட்ரோல் அம்பாசடர் ஒன்று, ஆயுத பூஜைக்காக என்ஜின் பகுதி உட்படத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவப்பட்டது. மறுநாள் காலையிலிருந்து செல்ஃப் நன்றாகச் சுற்றியும் என்ஜின் பிடிக்க மறுக்கிறது. டாங்கில் பெட்ரோல் உண்டு, பேட்டரியும் புதியது. கார்புரேட்டரைக் கழற்ற வேண்டும் என்கிறார் ஒரு மெக்கானிக். காயிலை மாற்ற வேண்டும் என்கிறார் இன்னொருவர். யார் சொல்வது சரி?
— வாசகர், சரஸ்வதிபுரம், மைசூரு

பதில்: இருவர் சொல்வதையும் இப்போதைக்குத் தள்ளிவைக்கலாம். செல்ஃப் மோட்டார் வேகம் குறையாமல் சுற்றுகிறது என்றால் பேட்டரி, அதன் கேபிள்கள், மோட்டார் ஆகியவை பெரும்பாலும் நல்ல நிலையில் உள்ளன என்று கொள்ளலாம். அதன்பின் எஞ்சும் கேள்விகள் மூன்று: உரிய நேரத்தில் தீப்பொறி வருகிறதா, பெட்ரோல் ஏறுகிறதா, சிலிண்டருக்குள் கலவை போதிய அழுத்தம் பெறுகிறதா. முந்தைய நாள் வரை ஓடிய வண்டி கழுவியபின் நின்றுவிட்டதால், ஐயம் முதலில் விழ வேண்டியது மின்சாரப் பகுதியின் மீதுதான். மைசூரில் தசராவையொட்டி இந்தக் கோளாறு தலைகாட்டுவதில் வியப்பில்லை. மகாநவமியன்று கழுவி, மாலையிட்டு, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்த பிறகு அதை நசுக்கக்கூட நகராத வண்டியைச் சரிபார்க்க, தசரா ஊர்வலமான ஜம்பூ சவாரி நடக்கும் மறுநாளில் ஒர்க்‌ஷாப் திறந்திருப்பதும் அரிது.

1957-58இல் உற்பத்தி தொடங்கி 2014இல் உத்தர்பாரா ஆலையில் நிறுத்தப்பட்ட அம்பாசடரில், மிக நீண்ட காலம் இடம்பெற்றது 1489 சிசி பெட்ரோல் என்ஜினாகும். அதன் பக்கவாட்டில் இருக்கும் டிஸ்ட்ரிபியூட்டர் இரண்டு வேலைகளைச் செய்கிறது. அதனுள் உள்ள கான்டாக்ட் பாயிண்ட் எனப்படும் சிறு மின்தொடர்பு திறக்கும்போது காயிலின் முதன்மைச் சுற்றில் ஓடும் மின்னோட்டம் அறுபட, அதன் விளைவாகக் காயிலின் மற்றொரு சுற்றில் பல்லாயிரம் வோல்ட் மின்னழுத்தம் எழுகிறது. அந்த மின்னழுத்தத்தை, சுழலும் ரோட்டர், மேல்மூடியின் வழியாக 1-3-4-2 என்ற வரிசையில் நான்கு பிளக்குகளுக்கும் பகிர்ந்தளிக்கிறது. மூடியின் உட்புறத்தில் மெல்லிய ஈரப்படலம் படிந்தால் போதும், உயர் மின்னழுத்தம் பிளக்கை நாடாமல் அந்த ஈரத்தின் மீதே வழிந்து என்ஜின் உடலில் இறங்கிவிடும்.

இதை உறுதிப்படுத்தக் கருவி எதுவும் தேவையில்லை. பெட்ரோல் கசிவோ நெடியோ இல்லை என்பதை உறுதிசெய்து, கியரை நியூட்ரலில் வைத்து, பிளக் ஒன்றைக் கழற்றி அதன் ஒயரிலேயே மாட்டி, பிளக்கின் உலோக உடல் என்ஜினின் வெற்று உலோகத்தில் அழுந்தியிருக்கும்படி ரப்பர் பிடியுள்ள குறடால் பற்றிக்கொண்டு, மற்றொருவரைச் செல்ஃப் அடிக்கச் சொல்ல வேண்டும். பிளக் கழற்றிய துளையிலிருந்து பெட்ரோல் ஆவி வெளிவரும் என்பதால், சோதனை அதிலிருந்து தள்ளி நடப்பதே பாதுகாப்பு. நீலநிறத்தில் சடசடவென்ற ஓசையுடன் பொறி பாய்ந்தால் மின்சாரப் பகுதி நலம். மஞ்சளாகவோ சிவப்பாகவோ சோர்ந்து வந்தால் காயில், கண்டென்சர், பாயிண்ட் ஆகியவற்றில் ஒன்று தளர்ந்திருக்கிறது. பொறியே இல்லையென்றால், காயிலிலிருந்து மூடியின் நடுவுக்கு வரும் தடித்த ஒயரை அதே முறையில் சோதிக்க வேண்டும். அங்கே பொறி வந்து பிளக்கில் வராவிட்டால் குற்றம் மூடியிலோ ரோட்டரிலோ இருக்கிறது. காயில் தப்புகிறது, அதை மாற்றச் சொன்ன யோசனையும் அத்துடன் விழுகிறது.

மூடியைக் கழற்றி உலர்ந்த துணியால் துடைத்து, வெயிலில் சிறிது நேரம் வைத்து மாட்டினாலே பெரும்பாலான வண்டிகள் கிளம்பிவிடும். கிளம்பாவிட்டால் மூடியின் உட்புறத்தை வெளிச்சத்தில் திருப்பிப் பார்க்க வேண்டும்: ஒரு முனையிலிருந்து இன்னொரு முனைக்கோ விளிம்புக்கோ பென்சில் கோடு போன்ற கறுத்த இழை ஓடினால், மின்சாரம் அங்கே நிரந்தரமாகக் கரிப்பாதை அமைத்துக்கொண்டுவிட்டது என்று பொருள். அத்தகைய மூடியைச் சுரண்டிப் பயன்படுத்துவது வீண், மாற்றுவதே வழி. காயிலிலிருந்து வரும் நடு ஒயரிலும் பொறி இல்லாதபோதுதான் பாயிண்டைப் பார்க்க வேண்டும். அதன் இடைவெளி ஏறத்தாழ 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர் வரை இருப்பதும், முகங்கள் கருகாமல் இருப்பதும் முக்கியம். புதிய பாயிண்ட் சில நாட்களிலேயே கருகினால், அதனுடன் இணைந்த கண்டென்சரே காரணமாக இருக்கும்.

பொறி நன்றாக இருந்தும் என்ஜின் பிடிக்காதபோதே பெட்ரோலின் முறை வருகிறது. காயிலின் நடு ஒயரைக் கழற்றி என்ஜின் உடலில் படும்படி வைத்தபின், கார்புரேட்டருக்கு வரும் குழாயைப் புட்டி ஒன்றினுள் நீட்டிச் செல்ஃப் அடித்தால், பம்ப் நல்ல நிலையில் இருக்கும்பட்சத்தில் பெட்ரோல் விட்டுவிட்டுப் பீய்ச்சும். வராவிட்டால் பம்பின் ரப்பர் டயாஃப்ரம் கிழிந்திருக்கலாம், அல்லது வழியில் காற்று புகுந்திருக்கலாம். 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் 2023 பிப்ரவரியில் பெங்களூருவில் அறிமுகமாகி இன்று பரவலாகிவிட்ட நிலையில், அதற்கென வடிவமைக்கப்படாத பழைய ரப்பர் பாகங்கள் ஊதியும் விரிந்தும் கெடக்கூடும் என்பதைக் கணக்கில் கொள்வது நல்லது. எத்தனால் நீரை ஈர்ப்பதால், ஆண்டு முழுவதும் கொட்டகையில் நின்று தசராவுக்கு மட்டும் வெளிவரும் வண்டிகளின் டாங்கில் நீர் சேர்ந்து அடியில் தங்கவும் வாய்ப்புண்டு.

மைசூருக்கே உரிய ஒன்றும் உண்டு. நகரம் கடல்மட்டத்திலிருந்து 750 மீட்டருக்கு மேல் அமைந்திருப்பதால், காற்றின் அடர்த்தி சென்னையை ஒப்பிட, பத்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவான அளவு குறைகிறது. சென்னைக்கெனச் சரிசெய்யப்பட்ட கார்புரேட்டர் இங்கே இயல்பாகவே சற்றுக் கூடுதலான பெட்ரோலைக் கலக்கும். இந்நிலையில் சோக்கை முழுவதும் இழுத்து, ஆக்சிலரேட்டரையும் மிதித்து மிதித்து விட்டால் பிளக்குகள் நனைந்து, கோளாறு ஒன்று இரண்டாகிறது. பிளக் நனைந்து பெட்ரோல் நெடி அடித்தால், சோக்கை உள்ளே தள்ளி, ஆக்சிலரேட்டரை ஒரே அழுத்தாக அடிவரை மிதித்துப் பிடித்து, சில நொடிகள் செல்ஃப் அடிப்பதே மாற்று. ஒவ்வொரு முயற்சிக்கும் இடையே மோட்டார் ஆற இடைவெளி தர வேண்டும்.

அழுத்தக் குறைவு ஒரே இரவில் நேர்வது அரிது என்பதால் அதை இங்கே விரிக்கத் தேவையில்லை. மாருதி 800 போன்ற டைமிங் பெல்ட் வண்டிகளில் மட்டும், செல்ஃப் வழக்கத்தைவிட வேகமாகவும் இலேசாகவும் சுற்றினால் பெல்ட் அறுந்திருக்கக்கூடும்; உடனே நிறுத்திவிட வேண்டும்.

கேள்வி: பிரீமியர் பத்மினி ஒன்று, சாவியைத் திருப்பிப் பிடித்திருக்கும்வரை பிடிக்கிறது, கையை விட்டதும் அணைகிறது. ஏன்?
— வாசகர், நஞ்சன்கூடு

பதில்: சாவி கடைசி நிலையில் இருக்கும்போதும், அதிலிருந்து திரும்பி ஓட்ட நிலைக்கு வரும்போதும் காயிலுக்குச் செல்லும் மின்சாரம் ஸ்விட்சினுள் வெவ்வேறு தொடர்புகள் வழியாகச் செல்லலாம். பழைய ஸ்விட்சுகளில் இரண்டாவது தொடர்பு தேய்ந்திருப்பது சாதாரணம். சாவியை ஓட்ட நிலையில் வைத்து, காயிலின் நேர்முனையில் 12 வோல்ட் சோதனை விளக்கைத் தொட்டுப் பார்த்தால் உண்மை புலப்படும். விளக்கு எரியவில்லை என்றால் ஸ்விட்சையோ அதன் ஒயரையோ மாற்ற வேண்டும். காயிலுக்கு முன் பாலாஸ்ட் எனப்படும் மின்தடை பொருத்தப்பட்ட வண்டியாயின், அது எரிந்துபோனாலும் இதே அறிகுறி தோன்றும். அதற்குப் பதிலாக வெறும் ஒயரை இணைத்து ஓட்டினால் வண்டி ஓடும்தான். ஆனால் அவ்வகைக் காயில் சூடேறி, பாயிண்டும் விரைவில் கருகும்.